பைக்குள் அடங்கும் உடற்பயிற்சிக் கருவியின் வடிவமைப்புக் குறை குறித்த புகார்

அனுப்புநர்: கொள்முதல் ரசீதில் உள்ள வாடிக்கையாளர், திருச்சிராப்பள்ளி.
பெறுநர்: குறைதீர் அலுவலர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: மடிப்புப் பலகை, மூன்று துண்டு பார் (கைகளால் பிடிக்கும் கம்பி), ரப்பர் டியூப்கள் அடங்கிய வலுப்பயிற்சித் தொகுப்பில் உள்ள குறைகள், அதனால் ஏற்பட்ட காயம், பணத்தைத் திரும்பப் பெறுதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர், வணக்கம்.

உங்கள் இணையதளத்தில் ₹6,490 செலுத்தி மேற்படி தொகுப்பை வாங்கி ஏழு வாரங்கள் ஆகின்றன. எனக்கு 61 வயது. ஒரு தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். வாரத்தில் இரண்டு நாளாவது உடலின் பெரிய தசைகள் அனைத்துக்கும் வலுப்பயிற்சி வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலை உங்கள் பெட்டியின் பின்புறம் அச்சிட்டிருந்தீர்கள். அதையும், மகள் வீட்டுக்குப் போகும்போது பையோடு எடுத்துச் செல்லலாம் என்ற வசதியையும் நம்பியே வாங்கினேன்.

முதலில் காயம் பட்ட விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். கதவில் மாட்டும் நாடாவைப் பற்றி உங்கள் கையேட்டில் உள்ளது ஒரே வாக்கியம்: 'எந்தக் கதவிலும் பொருத்தித் தாழிட்டுப் பயன்படுத்தலாம்.' எங்கள் படுக்கையறைக் கதவு உள்பக்கமாகத் திறக்கும். நான் அறைக்குள் நின்று நாடாவை மேல்விளிம்பில் மாட்டி, தாழிட்டு, டியூப்பை மார்பு நோக்கி இழுத்தேன். அந்த நிலையில் முழு இழுவிசையையும் தாங்கியது நான்கு சிறு திருகாணிகள் பிடித்திருந்த அலுமினியத் தாழ்ப்பாள் மட்டுமே. ஒன்பதாவது இழுப்பில் திருகாணிகள் பெயர்ந்து, கதவு விரியத் திறந்து, அதன் விளிம்பு என் புருவத்தில் மோதியது. இரண்டு தையல். பயிற்சி செய்பவர் கதவு மூடும் பக்கத்தில், அதாவது இழுக்க இழுக்கக் கதவு நிலைச்சட்டத்தோடு மேலும் இறுகும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஒரு படம் போட்டிருந்தால் இது நடந்திருக்காது. பெரும்பாலான வீடுகளில் அறைக் கதவு உள்பக்கம் திறப்பதால், நாடாவை உள்ளே மாட்டிவிட்டு வெளியே, கூடத்தில் நின்று இழுப்பதே சரி. உங்கள் விளம்பரப் படத்தில் இருப்பவரோ படுக்கைக்கும் கதவுக்கும் நடுவில் நிற்கிறார்.

தையல் பிரிக்கும் வரை பயிற்சி செய்ய முடியாததால், பழைய தொழில் பழக்கத்தில் கருவியை அளந்து பார்த்தேன். பெரிய குறை அப்போதுதான் தெரிந்தது. நான்கு டியூப்களுக்கும் நீளம் ஒன்றே: 120 செ.மீ. டியூப்பைப் பலகையின் அடியில் செலுத்தி, இரு முனைகளையும் பாரில் மாட்ட வேண்டும். பலகையின் அடியில் உள்ள பள்ளம் 30 செ.மீ. எடுத்துக்கொண்டால் பக்கத்துக்கு 45 செ.மீ. மிஞ்சும், பாரோடு இணைக்கும் கொக்கியும் நாடாவும் சேர்ந்து இன்னொரு 10 செ.மீ. ஆகவே, தரையிலிருந்து 55 செ.மீ. உயரும் வரை பார் வெறும் கம்பிதான். என் உயரம் 168 செ.மீ. டெட்லிஃப்ட் (குனிந்து பாரைப் பிடித்து, நிமிர்ந்து தூக்கும் பயிற்சி) செய்யும்போது பார் முழங்காலைத் தாண்டிய பிறகே டியூப் இறுகத் தொடங்குகிறது. இடுப்புக்கும் தொடைக்கும் அதிக உழைப்பு தர வேண்டிய கீழ்ப் பாதியில் எதிர்விசையே இல்லை.

மேலே போனால் கதை தலைகீழ். டியூப்பை அதன் நீளத்தைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் இழுக்கக் கூடாது என்று கையேட்டின் 4ஆம் பக்கம் எச்சரிக்கிறது. இரண்டரை மடங்கு என்றால் 3 மீட்டர். பள்ளத்தைக் கழித்து, கொக்கியைக் கூட்டினால் பார் போகக்கூடிய உச்ச உயரம் 145 செ.மீ.; அது என் தாடைக்குக் கீழே. ஆனால் 11ஆம் பக்கத்தில், அதே பலகைமீது நின்று, கைகளைத் தலைக்கு மேல் முழுமையாக நீட்டும் பயிற்சியைப் படத்துடன் கற்றுத்தருகிறீர்கள். அதைச் செய்தால் டியூப் மூன்றரை மடங்கு நீள வேண்டியிருக்கும். இந்த இரண்டு பக்கங்களையும் எழுதியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதில்லை போலும். கீழ்ப் பயிற்சிக்கு நீளமும் மேல் பயிற்சிக்குக் குட்டையுமான ஒரே டியூப்பைக் கொடுத்துவிட்டு, 'முழு உடலுக்கும்' என்று பெட்டியில் எழுதுவது எப்படிப் பொருந்தும்? இரண்டு நீளங்களில் டியூப் தந்திருக்கலாம், அல்லது பலகையில் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் பூட்டு வைத்திருக்கலாம். பையின் பருமன் அதனால் சற்றுக் கூடியிருக்கும், அவ்வளவுதான்.

எடைக் குறியீட்டுக்கும் விளக்கம் தேவை. '20 கிலோ' என்று அச்சிட்ட டியூப்பைச் சுருள்வில் தராசில் மாட்டி இழுத்ததில், இரண்டு மடங்கு நீளத்தில் 8 கிலோவும், நீங்கள் அனுமதிக்கும் இரண்டரை மடங்கில் 11 கிலோவும் காட்டியது. இரு முனைகளையும் சேர்த்துக் கணக்கிட்டிருந்தால் 22 கிலோ வரும் என்பதை நியாயத்துக்காகச் சொல்கிறேன். அப்படியானால், எந்த நீளத்தில், எத்தனை முனைகளுக்கு என்பதைப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். கர்லாக்கட்டையும் மூலையில் சாத்தி வைக்கக்கூடிய கருவிதான். ஆனால் அதன் எடை எந்த நிலையிலும் மாறாது. ரப்பர் அப்படியல்ல, நீளத்தைச் சொல்லாமல் கிலோவை மட்டும் சொன்னால் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை.

தொகுப்பின் மீது தயாரித்த மாதமும் ஆண்டும் இல்லை. 2011ஆம் ஆண்டின் பொதியப்பட்ட பொருட்கள் விதிகளின்படி அது கட்டாயம் என்பதோடு, வெயிலாலும் வியர்வையாலும் நாள்பட வெடிக்கும் ரப்பருக்கு வயது தெரிவது பாதுகாப்புக்கும் அவசியம்.

இவற்றை உங்கள் சேவைப் பிரிவுக்கு இருமுறை எழுதினேன். 'தவறான பயன்பாடு உத்தரவாதத்தில் சேராது' என்ற ஒரே பதில் இரண்டு முறையும் வந்தது. சரியான பயன்பாட்டைக் கையேடு எங்கே சொல்கிறது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. தேவையான பயன்பாட்டு அறிவுறுத்தலோ எச்சரிக்கையோ இல்லாத பொருளால் தீங்கு நேர்ந்தால் தயாரிப்பாளரே பொறுப்பு என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் 84ஆம் பிரிவு கூறுகிறது.

எனவே ₹6,490 முழுவதையும், மருத்துவச் செலவு ₹1,850ஐயும், கதவைச் சரிசெய்த கூலி ₹400ஐயும் 15 நாட்களுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். அதைவிட அவசரமாக, இதே தொகுப்பை வாங்கிய மற்றவர்களுக்குக் கதவின் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதைப் படத்துடன் உடனே அனுப்புங்கள்; 11ஆம் பக்கப் பயிற்சியைத் திரும்பப் பெறுங்கள். தவறினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்து, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்.

கருவியை எதுவும் மாற்றாமல் பையிலேயே வைத்திருக்கிறேன். உங்கள் பொறியாளர் வந்தால், தராசையும் அளவு நாடாவையும் வைத்து அவர் முன்னிலையில் மீண்டும் அளந்து காட்டத் தயார்.

இணைப்பு: கொள்முதல் ரசீது, மருத்துவச் சீட்டு, பெயர்ந்த தாழ்ப்பாளின் புகைப்படம், அளவீட்டுத் தாள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்