தங்கையை மீட்டுத் தந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

என் தங்கை போன வாரத்திலிருந்து மறுபடியும் கல்லூரிக்குப் போகிறாள். அவளுக்காக ஓடியாடியவர்களில் பாதிப் பேருக்கு இந்தச் செய்தி எட்டியிருக்காது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

அவளுக்கு வந்தது ஆட்டோஇம்யூன் மூளை அழற்சி, அதிலும் என்.எம்.டி.ஏ. ரிசப்டர் (மூளை நரம்பணுக்கள் செய்தி வாங்கும் ஒரு புரதம்) வகை. கிருமியை எதிர்க்க வேண்டிய ஆன்டிபாடி சொந்த மூளையையே தாக்கும். டாக்டர் டால்மாவ் குழுவினர் 2007-இல்தான் இதை அடையாளம் கண்டார்கள். இளம்பெண்களுக்கு அதிகம் வருகிறது. ஆரம்பத்தில் மனநோய் போலவே தெரியும். இவளும் தூங்கவில்லை, காதில் யாரோ பேசுகிறார்கள் என்றாள், காரணமில்லாமல் கத்தினாள். முதலில் காட்டிய இடத்தில் பரீட்சை பயம் என்று தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். சொந்தக்காரர்கள் மந்திரிக்கச் சொன்னார்கள்.

முதல் நன்றி அடுத்துப் பார்த்த மனநல மருத்துவர் அம்மாவுக்கு. தங்கையின் வாய் ஓயாமல் கோணுவதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இன்றைக்கே நியூராலஜியில் சேருங்கள்" என்று கையோடு கடிதம் எழுதித் தந்தீர்கள். எம்.ஆர்.ஐ. நார்மல் என்று வந்த பிறகும் நியூராலஜி டாக்டர் விடவில்லை. முதுகுத்தண்டு நீரை ஆன்டிபாடி சோதனைக்கு அனுப்பிவிட்டு, ரிசல்ட்டுக்குக் காத்திராமல் ஸ்டீராய்டு தொடங்கினார். அது போதாது என்றானபோதுதான் பிளாஸ்மா மாற்று சிகிச்சை, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை எடுத்துவிட்டு மாற்று ஏற்றுவது.

பிளாஸ்மா அறை டெக்னீஷியன் அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? மெஷின் ரத்தத்தை வெளியே எடுத்து, அணுக்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஆன்டிபாடி கலந்த மஞ்சள் பிளாஸ்மாவை மட்டும் பையில் சேர்க்கும், ஈடாக அல்புமின் என்ற ரத்தப் புரதக் கரைசலோ தானமாக வந்த பிளாஸ்மாவோ ஏறும் என்று அம்மாவுக்குப் புரியும்வரை பொறுமையாகச் சொன்னீர்கள். ஒரு தடவையில் ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடி பாதிக்கு மேல் போய்விடும், ஆனால் திசுக்களில் தங்கியிருப்பது மறுபடி ரத்தத்துக்கு வரும், அதனால்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் 5 முதல் 7 தடவை என்றீர்கள்.

ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தை இறக்கிவிடும். அப்படி இறங்கும்போது வேறு நோயாளி என்றால் உதடு மரத்துப்போகிறது என்று வாய்விட்டுச் சொல்வார். இவளுக்கோ அதற்குள் நோயால் பேச்சே நின்றுபோயிருந்தது. உதடும் ஏற்கெனவே துடித்துக்கொண்டிருந்தது. அந்த இரண்டு மூன்று மணி நேரமும் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவள் விரல்களைப் பிடித்தபடி மானிட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். ஒருமுறை விரல் விறைத்ததும் சட்டென்று வேகத்தைக் குறைத்து, டாக்டரைக் கூப்பிட்டுக் கால்சியம் ஏற்ற வைத்தீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் இதெல்லாம் ஒரு வரிகூட இல்லை.

அப்புறம் ரத்தம் கொடுத்தவர்கள். எல்லாத் தடவைக்கும் அல்புமின் வாங்க எங்களால் முடியவில்லை. அவள் வகுப்புத் தோழர்கள் பரீட்சை நேரத்திலும் ரத்த வங்கியில் வரிசையில் நின்றார்கள். முகம் தெரியாத எத்தனையோ பேருடைய பிளாஸ்மாவும் அவளுக்குள் ஏறியது. அதே பையிலிருந்து பிரித்த சிவப்பணுக்கள் வேறு வார்டில் இன்னொருவருக்குப் போயிருக்கும். அந்தக் குடும்பத்தின் சார்பிலும் நன்றி சொல்லத் தோன்றுகிறது.

ரத்தம் எடுக்கக் கழுத்து நரம்பில் போட்ட குழாயை அவள் பிடுங்காமல் விடியவிடியப் பார்த்துக்கொண்ட நைட் டியூட்டி சிஸ்டர்களுக்கும், தினமும் தலைவாரிப் பின்னிவிட்ட வார்டு அக்காவுக்கும் நன்றி. கடைசி பிளாஸ்மா மாற்றம் முடிந்த பிறகே ஐ.வி.ஐ.ஜி. (தானம் கொடுத்தவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடி மருந்து) ஏற்ற வேண்டும், முன்னால் போட்டால் மெஷின் அதையும் இழுத்துவிடும் என்று எங்களிடம் விளக்கிய பி.ஜி. டாக்டர் தம்பிக்கும்.

உடனே சரியாகிவிடவில்லை. கண்ணால் எங்களைத் தொடர்ந்தாள், பிறகு அம்மா என்றாள், பல வாரம் கழித்துத்தான் நடந்தாள். படித்தது இன்னும் சில சமயம் மறக்கிறது. மறுபடி வரக்கூடிய நோய் என்பதால் செக்கப் தொடர்கிறது. ஆஸ்பத்திரி நாட்கள் எதுவுமே அவளுக்கு நினைவில் இல்லை. நாங்கள் சொல்லித்தான் உங்களைத் தெரியும். அடுத்த செக்கப்புக்கு வரும்போது பிளாஸ்மா அறைக்கு வந்து எல்லோரையும் பார்க்க வேண்டும் என்கிறாள். காலையிலேயே வருகிறோம்.

அன்புடன்,
ஓர் அக்கா