லண்டன் திருமணம்: கட்டுரையில் விடுபட்டவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் ஹாலிவுட் நடிகை கரோல் லாண்டிஸ் குறித்து வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்க வான்படை விமானி கேப்டன் தாமஸ் வாலஸை அவர் மணந்துகொண்டதை ‘விளம்பரக் கல்யாணம்’ என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டு, எஞ்சிய இடம் முழுவதையும் அவருடைய நான்கு கணவர்களுக்கும் 29 வயதில் நேர்ந்த மரணத்துக்கும் கட்டுரையாளர் கொடுத்திருக்கிறார். உயிரோடு இல்லாத ஒரு பெண்ணைப் பற்றி இவ்வளவு எளிதாகத் தீர்ப்பு எழுதியிருப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

முதலில் ஒரு திருத்தம். அந்தத் திருமணம் கட்டுரையில் உள்ளதுபோல் ஹாலிவுட்டில் நடக்கவில்லை. 1943 ஜனவரி 5 அன்று லண்டனில், ஒரு கத்தோலிக்கத் தேவாலயத்தில் நடந்தது. கே பிரான்சிஸ், மார்த்தா ரே, மிட்ஸி மேஃபேர் ஆகிய மூன்று கலைஞர்களோடு, இரண்டாம் உலகப் போருக்காகப் பிரிட்டனில் தங்கியிருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்கு நிகழ்ச்சி நடத்த 1942 இறுதியில் லாண்டிஸ் அங்கே போயிருந்தார். குளிர்காலத்தில், முகாம் முகாமாக ஜீப்பில் சுற்றி, சேறும் ஈரமுமான தகரக் கொட்டகைகளில் பாடியும் ஆடியும் பேசியும் நால்வரும் அந்த இளைஞர்களை மகிழ்வித்த நாட்களில்தான் அவர் வாலஸைச் சந்தித்தார். சந்தித்த சில வாரங்களில் திருமணம்.

அன்றைய லண்டனில் கல்யாணம் என்றால் என்ன என்பதைக் கட்டுரையாளர் சற்று எண்ணிப் பார்த்திருக்கலாம். 1941 ஜூன் முதல் அங்கே துணிக்கும் பங்கீடு வந்துவிட்டது. முதல் ஆண்டில் ஒருவருக்குக் கிடைத்தவை 66 கூப்பன்கள். கம்பளி அல்லாத ஒரு கவுனுக்கு 7, காலணிக்கு 5, ஒரு ஜோடி காலுறைக்கு 2 என, மணப்பெண் உடுத்தி நிற்பதற்கே 14 கூப்பன்கள் கரைந்துவிடும். பின்னர் அந்த அளவையும் குறைத்தார்கள். கேக்கின் மேல் சர்க்கரைப் பூச்சு பூசுவதற்கு 1940 ஆகஸ்டிலேயே தடை வந்துவிட்டதால், அட்டையில் மூன்றடுக்குக் கேக் போலச் செய்து வெள்ளையடித்த ஒரு கூட்டை வாடகைக்கு எடுத்து மேசையில் வைத்து, அதைத் தூக்கினால் உள்ளே சின்னஞ்சிறு கேக் ஒன்று இருக்கும்படி பல வீடுகளில் கல்யாணம் நடத்தினார்கள். அந்த அட்டைக் கூட்டின் முன் சிரித்துக்கொண்டு நின்ற மணப்பெண்களை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்குகிறது.

தேவாலயத்துக்குப் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள் என்பது உண்மைதான். அந்தப் பயணத்தை அவர் புத்தகமாக எழுதியதும், 1944-இல் அது திரைப்படமாகி நால்வரும் அதில் தாங்களாகவே தோன்றியதும் உண்மை. விளம்பரம் என்ற எண்ணம் கட்டுரையாளருக்கு இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆனால் விளம்பரம் மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால், தேவாலயத்தில் புகைப்படம் எடுத்து முடிந்ததும் அவர் ஊர் திரும்பியிருக்கலாமே! தாலி கட்டிய ஈரம் காய்வதற்குள் என்று நாம் சொல்வோமே, அதுபோலச் சில நாட்களிலேயே கணவரை விட்டுப் பிரிந்து வட ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டார். நேச நாட்டுப் படைகள் அங்கே தரையிறங்கி இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. துனீசியாவில் சண்டை நடந்துகொண்டிருந்தது. பிறகு 1944-இல் நகைச்சுவைக் கலைஞர் ஜாக் பென்னியின் குழுவோடு தென் பசிபிக் தீவுகளுக்கும் போனார். அங்கே மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் பிடித்து, அவருடைய உடல்நலம் வெகுவாகச் சீர்கெட்டது. கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

அந்த மணவாழ்க்கை நீடிக்கவில்லை, 1945-இல் விவாகரத்து ஆயிற்று என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை ஒரு நடிகையின் சபலமாகக் காட்டுவது நியாயம் அல்ல. சில வாரப் பழக்கத்தில் கைபிடித்து, உடனே பிரிந்து, ஆண்டுக்கணக்கில் கடிதங்களில் மட்டுமே குடும்பம் நடத்திய இணைகள் அந்தத் தலைமுறையில் ஏராளம். போர் முடிந்த மறு ஆண்டான 1946-இல் அமெரிக்காவில் மட்டும் 6 லட்சத்துக்கும் அதிகமான விவாகரத்துகள் நடந்தன. பெயர் தெரியாத அந்தப் பெண்களைப் போரின் பாதிப்பு என்று பரிவோடு பேசுகிறோம்; அதே துயரத்துக்கு ஆளான நடிகையை மட்டும் ஏன் பரிகாசம் செய்ய வேண்டும்?

எனவே, திருமணம் நடந்த ஊரைத் திருத்தியும், அவர் படைமுகாம்களில் செய்த பணியையும் அதற்காக இழந்த உடல்நலத்தையும் ஓரிரு பத்திகளிலாவது சேர்த்தும் அடுத்த ஞாயிறு இணைப்பில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருநெல்வேலி