மாதக் கடைசியில் ஒரு கால் பக்கம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பால் கணக்கும் மளிகைக் கணக்கும் எழுதுகிற அதே டைரியில் தை மாதத்திலிருந்து இன்னொரு கணக்கும் எழுதி வருகிறேன். அந்த மாதம் புதிதாக என்ன பார்த்தேன், எது எனக்குத் தெரியாமல் இருந்து தெரிய வந்தது, யார் யாருக்கு நல்லது செய்ததைக் கண்ணால் கண்டேன், அவ்வளவுதான். சில மாதம் இரண்டு வரி கூடத் தேறாது. போன மாதம் பக்கம் நிரம்பி ஓரத்திலும் எழுதும்படி ஆகிவிட்டது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, வாசகர்கள் இப்படிக் கண்டதை எழுத உங்கள் நாளிதழில் ஒரு கால் பக்கம் ஒதுக்கினால் என்ன என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். எதைச் சொல்கிறேன் என்று புரிய, என் கணக்கையே சொல்லிவிடுகிறேன்.

கல்யாணமாகிப் புதுக்கோட்டைக்கு வந்து 27 வருடம் ஆகிறது. சித்தன்னவாசல் இங்கிருந்து சுமார் 16 கிலோமீட்டர்தான். வருகிற உறவுக்காரர்களை எல்லாம் கூட்டிப்போவேன், அவர்களை உள்ளே அனுப்பிவிட்டுத் தண்ணீர் பாட்டிலோடு நிழல் தேடி உட்கார்ந்துவிடுவேன். போன மாதம்தான் தனியாகப் போய் நிதானமாக அண்ணாந்து பார்த்தேன். மண்டபத்து விதானத்தில் ஒரு தாமரைக் குளம். 9ஆம் நூற்றாண்டு, பாண்டியர் காலம், சமணர் குடைவரை என்பதெல்லாம் படித்ததுதான், ஆனால் அந்தக் குளம் பார்த்தவுடன் தெரிவதில்லை, நின்றால்தான் தெரிகிறது. முதலில் பச்சைத் திட்டுகளும் உதிர்ந்த சுண்ணாம்பும் மட்டும். அப்புறம் ஒரு மீன். அப்புறம் யானை, எருமை, வாத்து, பூப்பறிக்கிற ஆட்கள், அதில் ஒருவர் கையில் கூடை. கழுத்து வலித்தும் வெளியே வர மனம் வரவில்லை. அங்கே இருந்த காவலர், உள்ளறையில் நின்று மூச்சை இழுத்து ‘ம்’ என்று முனகிப் பாருங்கள் அம்மா என்றார். கூச்சமாகத்தான் இருந்தது. முனகினேன். அறை முழுக்கச் சேர்ந்து முனகியது!

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னால் என் பேரன் கேட்டான், தாமரை இலையில் ஏன் தண்ணீர் ஒட்டுவதில்லை என்று. ‘தாமரை இலைத் தண்ணீர் போல’ என்று வாழ்நாளெல்லாம் சொல்லியிருக்கிறேன், ஒருநாளும் ஏன் என்று யோசித்ததில்லை. தேடிப் படித்ததில், 1970களில் பார்ட்லாட் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இலைகளைப் பார்த்தபோது, சில இலைகளில் மட்டும் தூசியே இல்லாததைக் கவனித்து அதன் பின்னால் போயிருக்கிறார். வழவழப்பாக இருப்பதால்தான் ஒட்டவில்லை என்று நான் நினைத்திருந்தேன், நேர் எதிர். இலை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சிறு மேடுகள், அதன் மேல் மெழுகுத் துகள்கள், துளி அந்த நுனிகளில்தான் உட்காருகிறது, அடியில் காற்று. உருளும்போது தூசியையும் வாரிக்கொண்டு போய்விடுகிறது. தாமரை இலைக்கு எங்கே போவது, கொல்லையில் இருந்த சேப்பங்கிழங்கு இலையை எடுத்தோம், அதிலும் இதே கதைதான். மஞ்சள் தூளைத் தூவி ஒரு சொட்டு விட்டோம். சொட்டு மஞ்சளாகி உருண்டு ஓடியது, போன வழி மட்டும் சுத்தமான பச்சை. இலையில் ஓரிடத்தைப் பேரன் விரலால் அழுத்தித் தேய்த்துவிட்டான், அந்த இடத்தில் தண்ணீர் ஒட்டிக்கொண்டது. மெழுகு போய்விட்டது பாருங்கள்.

மூன்றாவது எங்கள் தெருப்பக்கத்துக் கிளை நூலகத்தில் கண்டது. நாளிதழ் மேசையில் மூன்று மூக்குக் கண்ணாடிகள், வங்கியில் பேனாவைக் கட்டிவைப்பார்களே அதுபோல நூலில் கட்டி, கம்பியில் பிளாஸ்திரி ஒட்டி 1.5, 2, 2.5 என்று எழுதியிருக்கிறது. நாற்பதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகி, கிட்டத்தில் பார்க்க வளைந்து கொடுக்காது, அதுதான் வெள்ளெழுத்து. கண்ணாடியை மறந்துவிட்டு வந்து, தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் போகிற பெரியவர்களைப் பார்த்துப் பார்த்து யாரோ வாங்கிவைத்திருக்கிறார்கள். நூலகரிடம் யார் என்று கேட்டேன், சொல்ல வேண்டாமென்று சொல்லியிருக்கிறாராம். சரி, நானும் வற்புறுத்தவில்லை.

இதையெல்லாம் போனில் போட்டால் போதாதா என்பாள் என் மகள். போனில் போட்டால் என்னைத் தெரிந்த நாற்பது பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். நாளிதழில் வந்தால் டீக்கடையில் யாரோ படிப்பார், அவர் சித்தன்னவாசல் பக்கம் பஸ் ஏறினாலும் ஏறுவார். ஒரே ஒரு நிபந்தனை, பொன்மொழிகளும் வாட்ஸ்அப்பில் வந்ததும் வேண்டவே வேண்டாம். எழுதுகிறவர் தானே பார்த்ததாக இருக்க வேண்டும், எங்கே என்று ஊர் பேர் இருக்க வேண்டும்.

அந்தக் கால் பக்கத்தில் எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள் ஐயா. எங்கள் நூலகத்து 2 பவர் கண்ணாடிக்குப் போன வாரம் ஒரு பக்கக் கம்பி ஒடிந்துவிட்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
புதுக்கோட்டை