நாக்கைப் பார்த்துச் சொன்னார்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. பாப்பா பரீட்சையில் தேறிவிட்டாள் என்ற வரியை இரண்டு முறை படித்தேன். அவளுக்கு என் ஆசிகளைச் சொல். போட்டோவில் ஏன் இப்படித் துரும்பாய் இருக்கிறாய் என்று கேட்டிருந்தாயே, அதற்கு இப்போதுதான் பதில் எழுத முடிகிறது.

ஒன்றரை வருடமாக எனக்கு வயிறு சரியில்லை. ஒருவர் அமீபா என்றார், இன்னொருவர் மனக்கவலை என்றார். மூன்றாமவர் கோதுமையை நிறுத்தச் சொன்னார். மூன்று மாதம் தொடவே இல்லை, ஒரு மாற்றமும் இல்லை. பதினோரு கிலோ குறைந்தேன். வேளாவேளைக்குச் சாப்பிட்டும் எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. மலம் வெளிறி, எண்ணெய் மினுமினுப்போடு மிதக்கும். எத்தனை வாளி ஊற்றினாலும் போகாது. வெட்கப்பட்டு இதை யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு.

கடைசியில் ஒரு வயதான டாக்டர், "நாக்கை நீட்டும்மா" என்றார். சிவந்து, சொரசொரப்பே இல்லாமல் மழுமழுவென்று இருந்தது. வெந்நீர் பட்டாலே எரியும் நாக்கு. அதை வைத்தே அவர் சந்தேகப்பட்டு ரத்தம் பார்த்தார். ஃபோலிக் அமிலம், பி12 என்ற இரண்டு வைட்டமின்களும் அடிமட்டத்தில் இருந்தன. அப்புறம் வாய் வழியே குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் எண்டோஸ்கோபி. சிறுகுடலின் உட்புறத்தில் விரல் விரலாக நிற்கவேண்டிய குடலுறிஞ்சிகள் எனக்குக் கட்டையாகத் தேய்ந்துபோயிருந்தன. சத்தை உறிஞ்ச இடம் இல்லை. வெப்பமண்டல ஸ்ப்ரூ என்று பெயர் சொன்னார்.

பழைய நோய்தான். 1759-லேயே பார்படோஸ் தீவில் வில்லியம் ஹில்லரி என்ற மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். 'ஸ்ப்ரூ' டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. கரீபியன் தீவுகள், தென்னிந்தியா, தென்கிழக்கு ஆசியா, இவைதான் இதற்குப் பேர்போன இடங்கள். 1960-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இது கொள்ளைநோய் போலவே பரவி உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் பல வருடம் அதை ஆராய்ந்தார்கள். பேதி நின்ற பிறகும் குடலில் கிருமிகள் தங்கிப் பெருகுவதே காரணம் என்று நினைக்கிறார்கள். இந்தக் கிருமிதான் என்று ஒன்றை மட்டும் இன்னும் பிடிக்க முடியவில்லையாம்.

வைத்தியம் எளிது, மல்லிகா. தினம் ஒரு ஃபோலிக் அமில மாத்திரை, பி12 ஊசி, ஆறு மாதத்துக்கு டெட்ராசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை. ஒரே வாரத்தில் நாக்கு எரிச்சல் அடங்கியது. பசி என்றால் என்ன என்பதே மறந்துபோயிருந்தது. ஒருநாள் விடியற்காலையில் பசித்து எழுந்து உட்கார்ந்து அழுதேன். இன்னும் இரண்டு மாத மாத்திரை பாக்கி. நான்கு கிலோ ஏறியிருக்கிறேன்.

இதையெல்லாம் நான் விலாவாரியாக எழுதுவது உன் தம்பிக்காக. ஐந்து மாதமாகப் பேதி, வாய்ப்புண், மெலிவு என்று போகிறபோக்கில் எழுதியிருந்தாய். அந்த வரியைத் தாண்ட முடியவில்லை எனக்கு. இதேதான் என்று நான் எப்படிச் சொல்வேன்? குடல் காசநோய், ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி, கோதுமையால் குடல் கெடும் சீலியாக் நோய் எல்லாமே இப்படித்தான் காட்டும். அதனால் வயிற்றுக்கென்று இருக்கிற டாக்டரிடம் போகச் சொல். மலம் மிதக்கிறதா, ஒட்டுகிறதா என்பதையும் கூச்சப்படாமல் சொல்லட்டும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஃபோலிக் அமிலம்தானே என்று மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போடவேண்டாம். பி12 குறைந்திருக்கும்போது அதை மட்டும் விழுங்கினால் ரத்தம் தேறிவிடும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும். எனக்கே கால் பாதம் மரத்துப்போக ஆரம்பித்திருந்தது; இன்றைக்கும் இடது கட்டைவிரலில் முழு உணர்ச்சி திரும்பவில்லை.

அவனை இந்த வாரமே கூட்டிக்கொண்டு போ. ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுது, காத்திருப்பேன்.

உன்
சாந்தி