தக்காளியைக் கடைல வாங்கிக்கலாம், கீரையையும் கோழியையும் வீட்ல வைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல வீட்டுத் தோட்டம் பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன், படமெல்லாம் சூப்பரா இருந்துச்சு, ஆனா "மாசம் இவ்ளோ ரூபா காய்கறிச் செலவு மிச்சம்"னு போட்டிருந்த கணக்கைப் பாத்து எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. நான் தாம்பரம் பக்கம் சேலையூர்ல இருக்கேன், அரை கிரவுண்டு மனை, அதாவது 1200 சதுர அடி, அதுல வீடு போக பின்னாடி துணி துவைக்கற கல்லுக்கும் காம்பவுண்டு சுவத்துக்கும் நடுவுல ஒரு துண்டு மண்ணு, பக்கவாட்டுல ஒரு ஆள் நடக்கற சந்து, அவ்ளோதான். சென்னைல சொந்த வீடு இருக்கற நிறைய பேருக்கு இந்த அளவு இடம்தான் இருக்கும். இந்த இடத்துல தக்காளி, காலிஃபிளவர், கேரட், குடைமிளகாய்னு லிஸ்ட் போட்டா படிக்கறவங்க ஆசைப்பட்டுப் பை வாங்கி, தென்னைநார்க் கழிவு வாங்கி, விதை வாங்கி, ஒரே சீசன்ல எல்லாத்தையும் மாடி மூலைல கவுத்துப் போட்டுட்டு "நமக்கு ராசி இல்ல"ன்னு விட்டுடுவாங்க. எங்க தெருவுலயே அப்படிக் காலிப் பை எத்தனை வீட்ல கிடக்குதுன்னு மாடில ஏறி நின்னாலே தெரியும்.

2023 ஜூலைல தக்காளி கிலோ நூறைத் தாண்டுச்சே, கவர்மென்ட்டே ரேஷன் கடைல 60 ரூபாய்னு வித்தாங்களே, அப்போ ஊரே தக்காளி நாத்து தேடி அலைஞ்சுது. நாத்து விட்டு, எடுத்து நட்டு, பூத்துக் காய்ச்சுப் பழுக்க ரெண்டு ரெண்டரை மாசத்துக்கு மேல ஆகும், நம்ம செடி பழுக்கறப்போ மார்க்கெட்ல விலை இறங்கிப் போயிருக்கும், அந்த வருஷமும் அதேதான் நடந்துச்சு. விலை ஏறினதைப் பாத்து நடறவனுக்கு என்னைக்குமே லேட்டுதான். லாரில மூட்டையா வர்ற பொருள் விஷயத்துல கோயம்பேட்டோட நம்ம போட்டி போட முடியாதுங்க, வெங்காயம் உருளை கேரட்டெல்லாம் கடைலயே வாங்கிக்கலாம். பறிச்சா சீக்கிரமே வாடிப்போற பொருள் இருக்கு பாருங்க, கீரை, கறிவேப்பிலை, புதினா, முருங்கை இலை, அதைத்தான் வீட்ல வைக்கணும், ஏன்னா அதை எவ்ளோ காசு குடுத்தாலும் நல்லதா வாங்க முடியாது. கடைல கட்டுல தண்ணி தெளிச்சுத் தெளிச்சு வச்சிருக்கற கீரை எந்தத் தண்ணில வளர்ந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்.

கீரைலயும் எது போடறோம்னு பாக்கணும். சிறுகீரை, முளைக்கீரை எல்லாம் வேரோட பிடுங்கற ஆளு, ஒரு தடவை பிடுங்கினா பாத்தி காலி, திரும்ப விதைக்கணும். அரைக்கீரை அப்படி இல்ல, அடில நாலு விரல் விட்டுக் கிள்ளிட்டு வந்தா திரும்பத் திரும்பத் துளிர்க்கும், சின்ன இடத்துக்கு அதுதான் லாயக்கு. பொன்னாங்கண்ணிக்கும் புதினாவுக்கும் விதையே வேணாம், கடைல வாங்கின கட்டுலயே முத்தின தண்டாப் பாத்து நாலு எடுத்து, இலையை உருவிட்டு, ஒரு கணு மண்ணுக்குள்ள போற மாதிரி சாய்ச்சு நட்டா போதும், ஈரம் மட்டும் காயக் கூடாது. கொடிப்பசலை ஒரு துண்டு ஜன்னல் கம்பி ஓரம் வச்சிட்டா அது பாட்டுக்கு ஏறிக்கும். விதைக்கறவங்க ஒண்ணு கவனிங்க, கீரை விதை ரொம்பப் பொடி, அப்படியே தூவினா ஒரே இடத்துல கொட்டும், ஒரு கை மணலோட கலந்து தூவணும், அப்புறம் எறும்பு. எறும்பு ராத்திரியோட ராத்திரியா விதையைத் தூக்கிட்டுப் போயிடும், நம்ம விதை சரியில்லன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போவோம். எங்க மாமியார் பாத்தியச் சுத்தி கொஞ்சம் நொய் தூவி விடுவாங்க, எறும்பு அதை இழுக்கறதுல பிஸியா இருக்கும், அதுக்குள்ள இங்க முளைச்சிடும்.

கட்டுரைல மண்ணைப் பத்தி ஒரு வார்த்தை கூட இல்ல. வீடு கட்டின இடத்துல பின்னாடி இருக்கறது மண்ணே கிடையாதுங்க, உடைஞ்ச செங்கல்லு, சிமெண்ட்டுக் கட்டி, டைல்ஸ் துண்டு, பெயிண்ட் டப்பா மூடி, மேஸ்திரி எல்லாத்தையும் போட்டு மேல ஒரு இஞ்சு மண்ணை மூடிட்டுப் போயிருப்பாரு. அதுல எது வச்சாலும் மஞ்சளடிச்சுதான் நிக்கும். ஒரு அடி தோண்டி ரப்பிஷ வெளிய எடுத்துட்டு செம்மண்ணும் மக்கின தொழு உரமும் போட்டாத்தான் தோட்டம்னு பேச்சே ஆரம்பிக்கும். தொழு உரம் மக்கியிருக்கணும், பச்சைச் சாணியப் போட்டா வேர் வெந்துடும்.

முருங்கைக்கு வர்றேன். வீட்ல முருங்கை வைக்கக் கூடாதுன்னு பெரியவங்க சொல்றதுக்குக் காரணம் பேயோ பிசாசோ இல்ல, அந்த மரம் சும்மா காத்தடிச்சாலே ஒடியும், மழைக்காலத்துல அடிமரம் பூரா கம்பளிப்பூச்சி அப்பி நிக்கும், குழந்தைங்க கை வச்சா அரிப்பு உயிர் போயிடும். 2016-ல வர்தா புயல் அடிச்சப்போ எங்க ஏரியால முதல்ல விழுந்த மரங்கள்ல முருங்கையும் ஒண்ணு. அதுக்காக விட்டுட வேண்டியதில்ல, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரில வெளியிட்ட பி.கே.எம்-1 ரகம் விதை போட்டு வளர்க்கறது, இடுப்பளவு வந்ததும் நுனியக் கிள்ளி விட்டா பக்கக்கிளை வெடிச்சு கைக்கெட்டற உயரத்துல நிக்கும், ஆறு மாசத்துல காய்க்கும், வருஷா வருஷம் வெட்டி விட்டுக்கலாம். காய் வராத மார்கழி, தைலயும் இலை இருக்கும், இலைக்காகவே ஒண்ணு வைக்கலாம்.

மருந்து விஷயத்துல எல்லாரும் ஏதாவது ஒண்ணு தெளிச்சுக்கிட்டே இருக்காங்க, வாட்ஸ்அப்ல பாத்துட்டு இஞ்சி பூண்டுக் கரைசல், மோர்க் கரைசல், சிலபேர் கொசுவுக்கு அடிக்கற ஸ்ப்ரேவையே செடில அடிக்கறாங்க, அடப்பாவிகளா, அதை நாளைக்குப் பறிச்சுத் திங்கப் போறது நீங்கதானே. பப்பாளி மாவுப்பூச்சி கதை ஒண்ணு போதும் இதுக்கு. 2008-ல கோயம்புத்தூர் பக்கம்தான் அந்தப் பூச்சியை நம்ம நாட்டுல முதல்ல பாத்தாங்க, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தின்னு வெள்ளை வெள்ளையா அப்பி ஊரையே காலி பண்ணுச்சு, எந்த மருந்துக்கும் முழுசா அடங்கல, ஏன்னா மேல மெழுகுப் பூச்சு இருக்கு. 2010-ல போர்ட்டோ ரிக்கோல இருந்து கண்ணுக்கே சரியாத் தெரியாத ஒரு குட்டிக் குளவியைக் கொண்டு வந்து விட்டாங்க, அது மாவுப்பூச்சி உடம்புக்குள்ளயே முட்டை வச்சு வளர்ந்து கொஞ்ச மாசத்துல அடக்கிடுச்சு. நம்ம கண்டதையும் அடிச்சா முதல்ல சாகறது அந்தக் குளவியும், பூச்சியைத் திங்கற பொறிவண்டும்தான். எங்க வீட்டுச் செம்பருத்தில மாவுப்பூச்சி வந்தா குழாய்த் தண்ணிய வேகமாப் பீச்சி அடிச்சுக் கழுவுவேன், ரொம்ப முத்தின கிளைய வெட்டி மூடின கவர்ல போட்டுத் தூக்கிப் போடுவேன், மிஞ்சிப் போனா வேப்பெண்ணெய்ல கொஞ்சம் காதி சோப்பு கரைச்சு சாயங்காலம் தெளிப்பேன், வேற எதுவும் கிடையாது.

இப்போ என் முக்கியமான குறை, அவ்ளோ பெரிய கட்டுரைல கோழின்னு ஒரு வரி கூட வரலையே ஏன்? கொல்லைப்பக்கம்னா நம்ம ஊர்ல செடியும் கோழியும் சேர்ந்ததுதானே. ரெண்டு மூணு நாட்டுக்கோழி இருந்தா மிஞ்சின சோறு, கீரைத் தண்டு, காய்த்தோல், கரையான் எல்லாம் முட்டையா மாறிடும். சேவல் இல்லாமலே கோழி முட்டை போடும், இது தெரியாம பக்கத்து வீட்டுத் தூக்கத்தைக் கெடுத்து சண்டை இழுத்துக்கறவங்க நிறைய. குஞ்சு வேணும்னாத்தான் சேவல் வேணும். நாட்டுக்கோழி பண்ணைக் கோழி மாதிரி தினம் போடாது, வருஷத்துக்கு 60, 80 முட்டை வந்தாலே நல்ல கோழி, ஒரு டஜன் போட்டதும் அடைக்கு உக்காந்துடும், அப்போ கை வச்சீங்கன்னா கொத்து விழும். அடை வச்சா குஞ்சு பொரிக்க 21 நாள். ராத்திரி கூண்டு கம்பி வலையோட இறுக்கமா இருக்கணும், நம்ம ஊர்ல பூனையை விட பெருச்சாளிதான் வில்லன், அடில மண்ணத் தோண்டிட்டு வந்து குஞ்சைத் தூக்கும், அதனால கூண்டுக்கு அடிலயும் வலை வேணும். பகல்ல விட்டா கீரைப் பாத்தியக் கிளறி நாசம் பண்ணும், அதுக்குப் பாத்தியச் சுத்தி வலை கட்டணும், கோழியக் கட்டிப் போட முடியாது. தண்ணிக் கிண்ணத்தை தினமும் கொட்டிக் கழுவணும், இல்லன்னா டெங்கு கொசுவை நம்மளே வளர்த்த மாதிரி, கார்ப்பரேஷன் ஆளு வந்து நோட்டீஸ் குடுத்தா அவங்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல.

ஆனா நகரத்துல கோழி வளர்க்கறவங்களுக்கு ஒரு பெரிய கஷ்டம் இருக்கு, வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் நோய்னு சொல்வாங்க, காலைல சோர்ந்து நிக்கும், பச்சையும் வெள்ளையுமா கழியும், சில சமயம் கழுத்து திருகிக்கும், மருந்து கிடையாது, தடுப்பு மருந்துதான். குஞ்சு பொரிச்ச ஏழாம் நாள் போல கண்ணுல மூக்குல சொட்டு, எட்டு வாரத்துல றெக்கைக்கு அடில ஊசி. பிரச்சினை என்னன்னா அந்தக் குப்பி ஒண்ணுல 100 டோஸ் இருக்கும், கலக்கிட்டா சில மணி நேரத்துக்குள்ள தீர்த்துடணும், ஐஸ்லயே வச்சிருக்கணும். அஞ்சு குஞ்சு வச்சிருக்கறவ 100 டோஸை என்ன பண்ணுவா? கால்நடை மருந்தகத்துல கேட்டா "ஆள் சேர்த்துட்டு வாங்கம்மா"ங்கறாங்க, அவங்க சொல்றதும் நியாயம்தான். நாங்க தெருவுல கோழி வச்சிருக்கற நாலஞ்சு வீடு பேசி வச்சுக்கிட்டு ஒரே நாள்ல அட்டைப்பெட்டில குஞ்சுகளத் தூக்கிட்டுப் போறோம், ஆட்டோக்காரர் ஒரு மாதிரி பாப்பாரு, பரவால்ல. கிராமத்துல தடுப்பூசி முகாம் போடற மாதிரி புறநகர்லயும் வார்டுக்கு ஒரு நாள் போட்டா எவ்ளோ நல்லாருக்கும்.

இன்னொண்ணு, இதெல்லாம் வைக்க முதல்ல மண்ணு இருக்கணும். இப்போ வீடு கட்டறவங்க காம்பவுண்டுக்குள்ள ஒரு சாண் விடாம பேவர் பிளாக் போட்டு மூடறாங்க, கேட்டா சேறு ஆகும், பாம்பு வரும்ங்கறாங்க. 2003-லயே மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சட்டம் வந்துச்சு, 2019-ல புழல், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் நாலும் வறண்டு குடத்தோட நடுராத்திரில லாரிக்கு நின்னோம், அப்புறமும் இறங்கற தண்ணிக்கு வழி விடாம மூடறோம்னா என்ன சொல்றது. பாத்ரூம் தண்ணியை ஒரு வாழைக்கும் ரெண்டு கல்வாழைக்கும் திருப்பி விட்டிருக்கேன், தாம்பரம் வெயில்லயும் வாழை தள தளன்னு நிக்குது. வாஷிங் மெஷின் தண்ணியும் ஆர்.ஓ. கழிவுத் தண்ணியும் மட்டும் கீரைக்கு விடாதீங்க, உப்பு தங்கிடும்.

ஆடிப் பட்டம் தேடி விதைன்னு சொல்லுவாங்க, ஆடி பிறக்க இன்னும் நாள் இருக்கு. அடுத்த இதழ்ல சென்னை வெயிலுக்கு எந்த மாசம் எதை விதைக்கலாம்னு ஒரு பக்கம் போடுங்க, அதோட எந்தக் கால்நடை மருந்தகத்துல எந்தக் கிழமை கோழித் தடுப்பு மருந்து போடறாங்கன்னு விசாரிச்சு அதையும் போடுங்க. ஊட்டி கேரட் படம் வேணாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சேலையூர்