ஒரே வயிற்றுப் பிள்ளைகள்

அன்புள்ள ரவி,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு மதுரையிலேயே வேலை அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுபடி பேப்பர் படிக்கிறார்.

சரி, ராக் இசையில் பங்க்கும் ஹெவி மெட்டலும் ஜென்மப் பகை என்று எழுதியிருந்தாயே, அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 1964-இல் லண்டனில் கிங்க்ஸ் ராக் குழுவின் கிடார்க்காரர் டேவ் டேவிஸ் தன் சின்ன ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கரை பிளேடால் கிழித்தார். அந்தக் கிழிசலில் வந்த கரகரப்பு இல்லாமல் இரண்டுமே இல்லை.

அடுத்த ஆண்டு பர்மிங்ஹாமில், பின்னாளில் பிளாக் சபாத் என்ற ஹெவி மெட்டல் குழுவின் கிடார்க்காரரான டோனி அயோமி. தகரத் தொழிற்சாலையில் அவருக்கு அன்றுதான் கடைசி நாள் வேலை. இயந்திரம் வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளைத் துண்டித்துவிட்டது. இடதுகைக்காரர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டிய விரல்களே அவைதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்நுனிக்கு உறை செய்து மாட்டிக்கொண்டார், மெல்லிய தந்திகள் போட்டார், பிறகு சுருதியையும் இறக்கினார். பிளாக் சபாத்தின் அந்தக் கனம் இப்படி வந்தது. ஸ்பீக்கரைக் கிழித்தவருக்கும் விரல் போனவருக்கும் அப்போது வயது 17.

கடலுக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில் டெட்ராய்ட்டும் ஆலை நகரம்தான். பக்கத்து ஆன் ஆர்பரிலிருந்து வந்த ஸ்டூஜஸ் குழுவின் பாடகர் இகி பாப், சிறுவயதில் ஃபோர்டு ஆலையில் கேட்ட தகடு அழுத்தும் இயந்திரத்தின் சத்தம் மனசில் தங்கிவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். பங்க்கின் மூதாதை என்று அவர்களைக் கொண்டாடுகிறோம். ஆனால் 1970-இல் வந்த அவர்களின் 'ஃபன் ஹவுஸ்' ஆல்பத்தின் கிடாரைக் கேட்டால் சபாத்துக்கு எவ்வளவு பக்கம்!

அதே ஆண்டு வந்த சபாத்தின் 'பேரனாய்ட்' பாட்டை எடுத்துக்கொள். ஆல்பத்தில் இடம் நிரப்ப அவசரமாகப் போட்ட பாட்டு. மூன்று நிமிடம்கூட இல்லை, சுற்றிவளைப்பும் இல்லை. 1976-இல் பங்க் குழுவான ரமோன்ஸ் அதைத்தானே இன்னும் வேகமாகச் செய்தார்கள்?

பிறகு பங்க் வேகத்தையும் எளிமையையும் எடுத்துக்கொண்டது, மெட்டல் கனத்தையும் வித்தையையும். 1975-இல் லெம்மி தொடங்கிய மோட்டர்ஹெட் குழுவில் இரண்டும் திரும்பச் சேர்ந்தன. பின்னாளில் அவர்கள் ரமோன்ஸ் பெயரிலேயே ஒரு பாட்டு எழுதினார்கள், அவ்வளவு பிரியம். 1978-இல் ரமோன்ஸும் சபாத்தும் அமெரிக்காவில் ஒரே மேடையில் வாசித்ததும் உண்டு. பகை எல்லாம் ரசிகர்கள் நமக்குள்தான்.

'ஃபன் ஹவுஸ்' முழுக்கக் கேட்டுவிட்டு, கையோடு 'பேரனாய்ட்' ஆல்பத்தையும் போடு. அப்புறம் எழுது.

அன்புடன்,
குமார்