புது மெகாவாட்டுக்கு முன் குந்தா அணைகளைத் தூர்வாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மின்சாரம் என்று பேச்செடுத்தாலே புதிதாக எத்தனை மெகாவாட் சேர்த்தோம் என்பதுதான் கணக்காக இருக்கிறது. நீலகிரியில் இருக்கும் குந்தா அணைகளில் சேறு போக எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று கேட்பார் இல்லை.

சூரிய மின்சாரம் பொழுது சாய்ந்தால் போச்சு. காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை நன்றாகச் சுற்றும், அப்புறம் குறைந்துவிடும். அணைத்து வைத்த அனல் மின் நிலையத்தை மறுபடி கிளப்பப் பல மணி நேரம் ஆகும். மாலையில் தேவை திடீரென ஏறும்போது சில நிமிடங்களில் கைகொடுப்பது புனல் மின்சாரம்தான். மேட்டூரில் பாசனத்துக்குத் திறக்கும் தண்ணீரை ஒட்டித்தான் மின் உற்பத்தி. குந்தாவின் மேல்மட்ட அணைகளோ மின்சாரத்துக்காகவே கட்டியவை. வேண்டிய நேரத்தில் திறக்கலாம்.

ஆனால் தேக்கி வைக்க இடம் வேண்டுமே! 2019 ஆகஸ்டில், குந்தா அணைகளில் ஒன்று இருக்கும் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படிப் பெய்வதைப் பிடித்து வைத்தால்தான் மார்ச், ஏப்ரலில் மின் உற்பத்தி இயந்திரங்கள் ஓடும். அவலாஞ்சி, எமரால்டு என்ற இணைந்த இரு அணைகளின் தண்ணீர் குந்தா, கெத்தை, பரளி, பில்லூர் என நான்கு மின் நிலையங்களில் வேலை செய்துவிட்டு, பில்லூரில் கோவைக்குக் குடிநீராகி, பவானிசாகரில் பாசனத்துக்கும் சேருகிறது. மேலே சேறு பிடித்துக்கொள்ளும் ஒவ்வொரு கனமீட்டர் இடமும் இத்தனை இடத்திலும் நஷ்டம். தண்ணீர் எடுக்கும் வாயிலிலேயே சேறு அடைத்தால் மின் உற்பத்தியை நிறுத்த வேண்டியதுதான். மணல் கலந்து வந்தால் டர்பைன் தேயும்.

மேலே உள்ள போர்த்திமந்து அணைக்கும் கீழே உள்ள அவலாஞ்சி-எமரால்டுக்கும் இடையே 500 மெகாவாட் நீரேற்று மின் திட்டத்தை நான் மனதார வரவேற்கிறேன். கோவை மாவட்டம் கடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் இந்த முறையில் பல்லாண்டுகளாக இயங்குகிறது. பகலில் மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரை மேலேற்றி மாலையில் இறக்குவது நல்ல யோசனை. அதற்கும் இதே அணைகள்தான் தொட்டி.

செங்குத்தான சரிவுகளில் உருளைக்கிழங்கும் கேரட்டும் பயிரிடும் இடங்களிலிருந்து மழைக்கு மண் இறங்குகிறது. விவசாயிகளை விரட்டச் சொல்லவில்லை. படிமட்டம் அமைக்கவும், ஓடைக்கரையில் புல்வரி விடவும் அரசு பணம் கொடுக்கட்டும். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது தூர்வாரட்டும். ஒவ்வொரு அணையிலும் கட்டியபோது இருந்த கொள்ளளவு என்ன, இன்று இருப்பது என்ன என்று அளந்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். வரும் கோடையிலேயே அவலாஞ்சி-எமரால்டில் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குன்னூர்